பிளஸ் 1-ல் கணிதம் எடுக்கலாமா? படிவத்தில் டிக் போடும் முன் ஒரு வாரம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே பல வீடுகளில் அடுத்த கேள்வி கிளம்பிவிடும்: "என்ன குரூப் எடுக்கப் போற?" பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். இரண்டு மூன்று நாளில் பள்ளி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் வேலை முடிந்தது. அந்த டிக்கைப் போடும்போது பிள்ளைக்கு வயது 15. அதன் விளைவு தெரிவது 17 வயதில், கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போதுதான்.

"எனக்குக் கணக்கு வராது" என்று ஒரே வரியில் விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. "மார்க் இருக்குல்ல, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துடு" என்று பெரியவர்கள் சொல்லி எடுத்துவிட்டு, காலாண்டுத் தேர்வில் திகைத்து நிற்பவர்களும் உண்டு. இருவருமே பிளஸ் 1 கணிதப் புத்தகத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் முடிவெடுத்தவர்கள். புத்தகம் உங்கள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. இதில் உள்ள விவரங்கள் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கானவை.

எந்தக் குரூப்பில் எந்தக் கணக்கு?

மேல்நிலையில் மொத்தம் ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். தமிழ் அல்லது வேறு மொழி ஒன்று, ஆங்கிலம், மீதி நான்கு குரூப்பைப் பொறுத்தது. இயற்பியல், வேதியியலுடன் கணிதமும் உயிரியலும் இருந்தால் அதைத்தான் ஊரில் பயோ மேத்ஸ், ஃபர்ஸ்ட் குரூப் என்கிறோம். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் இருந்தால் பியூர் சயின்ஸ். வணிகவியல் பக்கம் போனால் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்று ஒரு பாடம் சில குரூப்களில் உண்டு.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கணிதமும் வணிகக் கணிதமும் ஒரே பாடம் இல்லை. வணிகக் கணிதத்திலும் அணிகள், நுண்கணிதம் எல்லாம் வரும். ஆனால் போக்கு வேறு. பங்கு, ஆண்டுத்தொகை, குறியீட்டு எண், செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டும் கணக்கு என்று வியாபாரத்தை ஒட்டியே போகும். பி.காம்., சி.ஏ. பக்கம் யோசிப்பவர்களுக்கு இது நல்ல பாடம். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த தாள்தான். ஆனால் "இதுவும் கணக்குதானே, இதை வைத்து பி.இ. சேரலாம்ல?" என்று கேட்டால், முடியாது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும்.

எதற்கெல்லாம் கட்டாயம்?

பி.இ. கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உதாரணமாகக் கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 80 எடுத்தால், 90 கூட்டல் 40 கூட்டல் 40, ஆக 170. இயற்பியலில் 10 மார்க் கூடினால் கட்-ஆஃப் 5 தான் ஏறும். கணிதத்தில் 10 கூடினால் 10 முழுசாக ஏறும். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் போனாலும் வரிசையைத் தீர்மானிப்பது இதே கட்-ஆஃப் தான்.

பொறியியல் மட்டும் இல்லை. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்.குக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். பி.எஸ்சி.யில் கணிதம், புள்ளியியல் எடுக்கவும் வேண்டும், பி.எஸ்சி. இயற்பியலுக்கும் பொதுவாகக் கேட்பார்கள். சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. நம் மாநிலத்திலேயே இருந்தும் நிறையப் பேருக்குத் தெரியாத இடம் இது. ராணுவ அதிகாரியாகும் என்.டி.ஏ. வழியில், விமானப் படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் 2-ல் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தக் குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு. 2021 முதல் பெண்களும் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மேத்ஸ் குரூப்" என்று இன்னும் சொல்லும் வீடுகளுக்கு இந்தத் தகவலைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்கணும். நீட் தேர்வில் கணிதத் தாள் கிடையாது. மருத்துவம், செவிலியர், உயிரியல் சார்ந்த படிப்புகள்தான் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், "எதுக்கும் இருக்கட்டும்" என்று பயோ மேத்ஸில் தள்ளுவதால் சுமைதான் கூடும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் சேர்ந்து வந்தால் நாளுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று யோசியுங்கள். முடிவு தெரியாத பிள்ளைக்குப் பயோ மேத்ஸ் நல்ல யோசனை; முடிவு தெரிந்த பிள்ளைக்கு அது தேவை இல்லை.

10-ஆம் வகுப்பு மார்க் சொல்லாத விஷயம்

பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை பிளஸ் 1-ல் திணறுவதும், 70 வாங்கிய பிள்ளை நன்றாகப் படிப்பதும் நடக்கிறது. காரணம் வினாத்தாளிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண் காம்பஸும் ஸ்கேலும் கையில் இருந்தால் பழகி வாங்கிவிடக்கூடியது. பள்ளிகள் அதைத்தான் முதலில் பழக்குவார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் பிளஸ் 1-ல் இந்த 16 மார்க் கிடையாது. அங்கே தேவைப்படுவது வேறு: காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல் முற்றொருமைகள், நேர்க்கோட்டின் சமன்பாடு, சார்பு என்றால் என்ன என்கிற தெளிவு.

அதனால் மொத்த மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் மூன்று பாடங்களையும் திறந்து, பயிற்சிக் கணக்கு நாலைந்தை நோட்ஸ் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். பிள்ளை நின்று யோசித்தாலும் போட்டுவிட்டால் அடித்தளம் இருக்கிறது. "இது படிச்சேன், மறந்துடுச்சு" என்றால் பிரச்சினை இல்லை, விடுமுறையில் சரி செய்துவிடலாம். "இது எங்களுக்கு நடத்தவே இல்ல, முக்கியமான கணக்கு மட்டும்தான் கொடுத்தாங்க" என்றால், சேர்வதற்கு முன் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பிளஸ் 1 கணிதத்தில் அப்படி என்னதான் இருக்கு?

புத்தகம் இரண்டு தொகுதி, மொத்தம் 12 பாடம். முதல் தொகுதியில் கணங்கள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், பகுமுறை வடிவியல் என்று பத்தாம் வகுப்பில் கேள்விப்பட்ட பெயர்களே பெரும்பாலும் வரும். ஆழம்தான் கூடும். உண்மையிலேயே புதுசு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது: வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல். இதில் வகையிடலைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, இப்படிப் பாருங்கள்.

பஸ் ஒன்று 160 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் கடக்கிறது. வேகம் என்ன? மணிக்கு 40 என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். ஆனால் அந்த 4 மணி நேரமும் பஸ் 40-லேயே போகவில்லை. டீக்கடையில் நின்றது, புறவழிச் சாலையில் 80-ஐத் தொட்டது. டிரைவர் முன்னால் இருக்கும் ஸ்பீடோமீட்டர் 'இந்த நொடியில்' என்ன வேகம் என்று காட்டுகிறதே, அதை எப்படிக் கணக்குப் போடுவது? ஒரு நொடியில், நேரமே ஓடாதபோது, தூரமும் பூஜ்யம், நேரமும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

சரி, அப்போ என்ன பண்றது? உருண்டு போகும் ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை நொடி ஆனதோ அதன் வர்க்கம் எவ்வளவோ, அத்தனை மீட்டர் அது போயிருக்கும். 2 நொடியில் 4 மீட்டர், 3 நொடியில் 9 மீட்டர். சரியாக 3-ஆவது நொடியில் வேகம் என்ன? 3-லிருந்து 3.1 நொடி வரை பாருங்கள். 3.1-இன் வர்க்கம் 9.61. கூடுதலாகப் போன தூரம் 0.61, எடுத்த நேரம் 0.1, வேகம் 6.1. இடைவெளியைக் குறைத்து 3.01 வரை பார்த்தால் வேகம் 6.01. இன்னும் குறைத்து 3.001 வரை பார்த்தால் 6.001. எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரிகிறது: 6. அந்த 'எங்கே போய் நிற்கிறது' என்பதற்குப் பெயர்தான் எல்லை. அப்படிக் கண்டுபிடிக்கும் முறைக்குப் பெயர் வகையிடல். போன் கால்குலேட்டரில் நீங்களே தட்டிப் பார்க்கலாம்.

இது புரிந்துவிட்டால் புத்தகத்தில் வரும் சூத்திரங்கள் எல்லாம் இதே வேலையைச் சுருக்கமாகச் செய்யும் வழிகள்தான். இது புரியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், பிளஸ் 2-ல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிடும். கணிதம் 'வராது' என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வாரம், ஒரு போன்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். வகுப்பு, பயிற்று மொழி, பாடம் தேர்வு செய்தால் பிளஸ் 1 கணிதம் இரண்டு தொகுதியும் பி.டி.எஃப். ஆக இறங்கும். காசு கிடையாது. ஃபைல் கொஞ்சம் பெரியது. டேட்டா குறைவாக இருந்தால் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு பிளஸ் 1-ல் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளை என்றால், இரண்டு மொழிப் புத்தகத்தையும் இறக்கி வையுங்கள். பாட வரிசையும் பயிற்சி எண்ணும் ஒன்றுதான், அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சார்பு என்பதுதான் ஃபங்ஷன், அணி என்பதுதான் மேட்ரிக்ஸ், அணிக்கோவை என்பது டிடர்மினன்ட், தொகையிடல் என்பது இன்டக்ரேஷன். முதல் இரண்டு மாதம் இந்த வார்த்தைகள்தான் பிள்ளையை மிரட்டும். அர்த்தம் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பிறகு இரண்டாவது பாடம் அடிப்படை இயற்கணிதம், மூன்றாவது பாடம் முக்கோணவியல், இந்த இரண்டின் தொடக்கப் பக்கங்களை மட்டும் ஒரு வாரம் படிக்கச் சொல்லுங்கள். தானாகப் புரியாத இடத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் வீடியோ பாடம் இருக்கிறது. 2023-ல் வந்த செயலி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். கல்வி தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலும் தேடலாம். அச்சிட்ட புத்தகம் கையில் இருந்தால் அதில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் பாடம் சார்ந்த வீடியோக்கள் திறக்கும். ஒரே பெயரில் வேறு வேறு செயலிகள் பிளே ஸ்டோரில் இருக்கும். இறக்கும் முன் வெளியிட்டவர் யார் என்று பார்த்துவிடுங்கள்.

கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜன், லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை இரவல் வாங்கி, 13 வயது வாக்கில் தானாகவே படித்து முடித்தவர். உங்கள் பிள்ளை ராமானுஜன் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை (அந்த ஒப்பீட்டாலேயே நிறையப் பிள்ளைகள் கணக்கை வெறுத்துவிடுகிறார்கள்). இரவல் வாங்கக்கூட ஆள் தேட வேண்டாத காலம் இது என்பதற்காகச் சொன்னேன்.

அந்த ஒரு வாரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது விடை சரியா தப்பா என்பதை இல்லை. விடை வராத ஒரு கணக்குடன் பிள்ளையால் 20 நிமிடம் உட்கார முடிகிறதா? மறுநாள் திரும்பவும் அதையே எடுத்துப் பார்க்கிறதா? முடிகிறது என்றால் தைரியமாக டிக் போடலாம். ஐந்தாவது நிமிடத்திலேயே புத்தகத்தை மூடுகிறது, வாரம் முழுக்க அப்படித்தான் என்றால், திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். என்ன படிக்கலாம் என்பதில் குழப்பம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

சேர்ந்துவிட்டால், பிளஸ் 1 ஆண்டை விட்டுவிடாதீர்கள்

2017-18 கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நெருக்கடி குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் அந்தப் பொதுத்தேர்வு முதலில் வந்ததற்கே ஒரு காரணம் இருந்தது: சில பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராக பிளஸ் 2 பாடத்துக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். கணிதத்தில் அது நடந்தால் பிள்ளைதான் மாட்டும்.

பிளஸ் 2 கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஒரு தடவை பாருங்கள். முதல் பாடம் அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் 'பயன்பாடுகள்'. ஆறாவது, வெக்டர் இயற்கணிதத்தின் 'பயன்பாடுகள்'. ஏழாவது, வகை நுண்கணிதத்தின் 'பயன்பாடுகள்'. ஒன்பதாவது, தொகை நுண்கணிதத்தின் 'பயன்பாடுகள்'. பயன்படுத்தப் போகும் பொருளை எங்கே சொல்லிக் கொடுத்தார்கள்? பிளஸ் 1 இரண்டாம் தொகுதியில். அதை நடத்தாமல் விட்டால் பிளஸ் 2-ன் முதல் நாளிலிருந்தே தடுமாற்றம்தான். ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கும் இரண்டு வருடப் பாடமும் சேர்த்துத்தான் வரும். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது இன்னொரு தகவல்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிளஸ் 1 இயற்பியலின் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதிலேயே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் வந்துவிடும். கணிதப் புத்தகத்தில் வெக்டர் எட்டாவது பாடம், வகையிடல் பத்தாவது பாடம். அதாவது கணக்கு சார் நடத்துவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே இயற்பியலில் அது தேவைப்படும். "பிசிக்ஸ் ஒண்ணும் புரியலம்மா" என்று ஜூலையில் பிள்ளை சொன்னால், பிரச்சினை இயற்பியலில் இருக்காது. மேலே பந்து உருண்ட கணக்கைப் போல நாலு கணக்கு வீட்டில் போட்டுப் பார்த்தாலே அந்த இடத்தைத் தாண்டிவிடலாம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: பிளஸ் 2 கணிதம் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. 20 ஒரு மார்க் கேள்விகள், 2 மார்க் கேள்விகள் 7, 3 மார்க் கேள்விகள் 7, 5 மார்க் கேள்விகள் 7. பழைய வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் கிடைக்கும். டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் அவற்றை எடுத்துப் பாருங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று. டிசம்பர் வாக்கில் பிள்ளையிடம் "மேத்ஸ்ல இரண்டாம் தொகுதி எத்தனாவது பாடம் போகுது?" என்று கேளுங்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அல்லது பிளஸ் 2 பாடம் நடக்கிறது என்று பதில் வந்தால் பாட ஆசிரியரிடம் பேசுங்கள். கணித ஆசிரியர் பணியிடமே காலியாக இருக்கிறது என்றால், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வருவதைவிட எழுத்தில் இருப்பது நல்லது.

வேறு குரூப் எடுத்தாச்சே, என்ன செய்வது?

பள்ளி திறந்து சில நாட்கள்தான் ஆகிறது என்றால் உடனே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இடம் இருந்தால் மாற்றித் தரும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம்; நடத்திய பாடம் கூடக் கூட மாறுவது கஷ்டம். அந்தக் கட்டம் தாண்டிவிட்டதா, வேறு வழிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ சேரலாம். அங்கேயே பொறியியலுக்கான கணிதம் சொல்லிக் கொடுப்பார்கள், முடித்ததும் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்கு விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் தகுதிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு பிளஸ் 2-ல் எந்தக் குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், ஜே.இ.இ. தேவை இல்லை. ஆனால் சேருவதற்கு முன் சில வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும் உண்டு, அதில் கணிதமும் ஒரு பாடம். வணிகவியல் படித்த பிள்ளை இதற்குத் தயாராக நினைத்தால், தொடங்க வேண்டிய இடம் அதே பிளஸ் 1 கணிதம், முதல் தொகுதி, முதல் பாடம்: கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்.